பேட்டரி இல்லாத பேனாவின் சுருதி

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருபவர்; கரும்பலகைக்குப் பதில் டேப்லெட்டில் எழுதுகிறார். ஐந்து ஆண்டுகள் ஐபேடில் எழுதிவிட்டு, இப்போது சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டுக்கு மாறியிருக்கிறார். "பழைய ஆப்பிள் பென்சிலைப் புதுத் திரையில் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு புள்ளிகூட விழவில்லை. புதுப் பேனாவுக்கோ சார்ஜ் போட வழியே இல்லை. ஆனால் மூன்று மாதமாக நிற்காமல் எழுதுகிறது. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கிறார்.

இந்த மாற்றத்தில் மற்றவை பெரிய சிக்கல் இல்லை. படங்களும் தொடர்பு எண்களும் ஒரு மாலைப்பொழுதில் வந்து சேர்ந்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய செயலிகள் வராது. ஆப்பிளின் கடை வேறு, ஆண்ட்ராய்டின் கடை வேறு. கையால் எழுதிய பாடக் குறிப்புகளைப் பழைய கருவியிலேயே பி.டி.எஃப். கோப்புகளாக மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். இனி பேனாவுக்கு வருவோம்.

விரல் தொடுவதைத் திரை எப்படி அறிகிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் அருகில் வந்ததும் அங்குள்ள மின்தேக்குத் திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அளவு, மாறுகிறது. 2015-ல் வெளிவந்த ஆப்பிள் பென்சில் இதே கோடுகளைத்தான் பயன்படுத்துகிறது. அதற்குள் பேட்டரி உண்டு. முனையிலிருந்து அது ஒரு மின் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐபேடின் கோடுகள் அதைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்தச் சமிக்ஞையின் பொருள் சாம்சங் திரைக்குத் தெரியாது. விரல் என்று எண்ணவும் முனை மிகச் சிறியது. அதனால்தான் புள்ளி விழவில்லை.

சாம்சங் பேனா இயங்கும் விதமே வேறு. என் மேசையில் காலில் மிதிபட்டு உடைந்த அத்தகைய பேனா ஒன்று இருக்கிறது. பிளேடால் பிளந்து பார்த்தேன். முனைக்குப் பின்னால், காந்தப்புலத்தைக் குவிக்கும் பீங்கான் போன்ற பொருளான ஃபெரைட்டில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, நூற்கண்டுபோல நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அதையடுத்து விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சுற்றுப்பலகையில் சில மின்தேக்கிகள். பேட்டரி எங்கும் இல்லை.

கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த இந்த ஜோடி நமக்குப் புதிதல்ல. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து குமிழைத் திருகி 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியைப் பிடித்தாரே, அந்த ரேடியோவுக்குள் இருந்ததும் இதுதான். இந்த ஜோடிக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்தால், மின்னோட்டம் சுருளுக்கும் மின்தேக்கிக்கும் இடையே மாறி மாறிப் பாயத் தொடங்கும். பள்ளியில் படித்த ஒத்ததிர்வுதான். சுருதி சேர்த்த தம்புராவின் அருகே நின்று சரியான ஸட்ஜத்தைப் பாடிப் பாருங்கள். யாரும் மீட்டாமலே கம்பி முனகும். சற்றே பிசகிய சுரத்தைப் பாடினால் அது பேசாமல் இருக்கும்.

டேப்லெட்டின் படத்திரைக்குப் பின்னால் இன்னொரு தாள் இருக்கிறது. அதில் வரிசை வரிசையாகக் கம்பி வளையங்கள். ஒரு வளையம் விநாடிக்கு ஏறத்தாழ 5 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்னோட்டத்தை மிகக் குறுகிய நேரம் செலுத்துகிறது. அதனால் எழும் காந்தப்புலம் கண்ணாடியைத் தாண்டிப் பேனாவின் சுருளைத் தொடுகிறது. ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது.

அடுத்து நடப்பதுதான் என்னை மயக்குவது. டேப்லெட் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. மூடிக்கொண்டு காதைத் தீட்டுகிறது. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் நாதம் நீள்வதைப்போல, பேனாவுக்குள் அதிர்வு கொஞ்ச நேரம் நீடித்துத் தேய்கிறது. அந்தத் தேயும் அதிர்வு தன் பங்குக்குக் காந்தப்புலத்தை எழுப்ப, அதே வளையங்கள் அதைக் கேட்கின்றன. பேனாவுக்கு நேர் கீழே உள்ள வளையத்தில் ஓசை உரக்க, பக்கத்து வளையங்களில் சன்னமாக. எதில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, இரண்டு வளையங்களுக்கு இடைப்பட்ட இடத்தையும் துல்லியமாகக் கணக்கிட்டுவிடுகிறது. மறுபடி ஒரு தூண்டல், மறுபடி ஒரு மௌனம். ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. வாசகி ஒரு வர்க்கமூலக் குறியை இழுத்து முடிப்பதற்குள் எத்தனை கேள்வி, எத்தனை பதில்! பேனாவுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தக் கேள்வியே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

அழுத்தினால் கோடு தடிப்பது எப்படி? மிருதங்கக் கச்சேரியில் இடக்கையின் அடிப்பகுதியை இடப்பக்கத் தோலான தொப்பியின் மேல் அழுத்தித் தேய்க்கும்போது நாதம் வழுக்கிச் செல்லுமே, அந்தக் கும்கியை நினைத்துக்கொள்ளுங்கள். முனையை அழுத்தும்போது பேனாவுக்குள் ஃபெரைட் துண்டின் நிலை இம்மியளவு மாறுகிறது. அதனால் சுருதி மாறுகிறது. எவ்வளவு மாறியது என்பதை டேப்லெட் 4,096 படிகளாகப் பிரித்தறிந்து, அதற்கேற்பக் கோட்டைத் தடிமனாக்குகிறது.

எல்லாமே சுருதிதான் என்பதற்குச் சாம்சங்கின் வீட்டுக்குள்ளேயே சான்று உண்டு. 2021-ல் வந்த கேலக்ஸி இசட் ஃபோல்ட்3 மடக்குபேசிக்கு அந்த நிறுவனம் வேறு அதிர்வெண்ணில் இயங்கும் தனிப் பேனாவைச் செய்தது. வழக்கமான கேலக்ஸி பேனாக்கள் அதில் எழுதாது.

சுருதி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். நம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1920-ல் மிருதங்கம், தபலா பற்றி நேச்சர் இதழில் எழுதினார். தோலின் நடுவிலுள்ள கரணை என்ற கரும்பூச்சு, கூடவே எழும் மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தோடு இணங்கவைப்பதை விளக்கினார். அன்று அதனால் என்ன லாபம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவிடுவது உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிலும் உடனடிப் பயனைக் காட்டச் சொல்லி நெருக்குகிறோம். தஞ்சாவூரில் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டி மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் கைகளுக்கு ஒத்ததிர்வைப் பற்றித் தெரிந்தது ஏராளம். டெல்டாவின் இயற்பியல் மாணவர்கள் அவர்கள் பக்கத்தில், அதிர்வை அலையாக வரைந்து காட்டும் அலைமானியோடு உட்கார ஓர் உதவித்தொகை கிடைத்தால் நான் மனதார மகிழ்வேன்.

வாசகியின் கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பேட்டரி இல்லாமல் எழுதும் பேனாவைக் கண்டு வீட்டில் பயந்து, கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி ஒரு ஸ்டிக்கரை 300 ரூபாய்க்கு வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். அம்மா, அதை ஒட்டிய பிறகும் வைஃபை வருகிறதா, பேனா எழுதுகிறதா? இரண்டும் நடக்கிறது என்றால் அது எதையும் தடுக்கவில்லை. பேனாவின் காந்தப்புலம் மிக மெலிந்தது; முனையைத் திரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்தினாலே தொடர்பு அறுந்துவிடும். பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரம் என்னைக் கோபப்படுத்துகிறது. அந்த 300 ரூபாயில் பிள்ளைகளுக்கு இரண்டு காந்தங்களும் ஒரு கம்பிச்சுருளும் வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, திரையின் வலது ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கோடு உடைகிறது என்பது. உறையைப் பின்னால் மடித்து வைத்து எழுதும்போதுதான் அப்படி ஆகிறது என்று அவரே கவனித்து எழுதியிருக்கிறார். உறையை மூடி வைக்க அதில் ஒரு காந்தம் இருக்கும். வளையத் தாளுக்குப் பின்னால், காந்தப்புலம் உலோகச் சட்டத்தில் வீணாகாமல் காக்க ஒரு காப்புத்தாள் இருக்கிறது. மடித்த உறையின் காந்தம் அதற்கு மிக அருகே வந்துவிடுவதால் அந்த இடத்தில் காப்பு வலுவிழந்து, வளையங்களின் கணக்குப் பிசகுகிறது. பேனாவிலும் பழுதில்லை, திரையிலும் பழுதில்லை. உறையைக் கழற்றி வைத்துவிட்டு அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்.