ஆயுத பூஜையன்றும் கம்ப்ரஸர் ஏன் ஓடுகிறது?

எரிசக்தித் தணிக்கைக்காகச் சென்ற மாதம் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போயிருந்தேன். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கியவர் என்று ஒரு தொழிலாளியை மேலாளர் பெருமையாக அறிமுகம் செய்தார். ஓசோன், கார்பன் எல்லாம் அத்துப்படி. ஷிப்ட் முடிந்ததும் அதே மனிதர் காற்றுக் குழாயை எடுத்து, சட்டையில் ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டுக் கிளம்பினார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காற்றை அழுத்திக் குழாய்க்கு அனுப்பும் கம்ப்ரஸர் எடுக்கும் 100 யூனிட் மின்சாரத்தில் கருவி முனைக்கு வேலையாக வந்து சேர்வது 10, 15தான் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பனிக்கரடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

“தொழிலாளிக்கு அக்கறை கிடையாது சார்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதே ஆலையின் வைண்டிங் (நூல் சுற்றும்) பிரிவில் ஒரு காற்றுக் குழாய் இணைப்பு உஸ்ஸென்று கசிந்துகொண்டிருந்தது. மேலே சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தார்கள். அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். “பொங்கலிலிருந்தே இப்படித்தான் சார். மூன்று தடவை சொன்னேன்.” நான்காவது தடவை அவர் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லியும் நடக்காத இடத்தில் அக்கறை வாயை மூடிக்கொள்ளும். சுவரில் இன்னொரு போஸ்டர் ஒட்டினால் அது திறந்துவிடாது.

7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று நாளுக்கு 70 யூனிட்டுக்கு மேல் விழுங்கும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. “எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கே 180 யூனிட்தானே சார் வருகிறது!” மறுநாள் இன்னும் ஐந்து கசிவுகளை அவரே காட்டினார்.

ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திய பிறகு, வால்வுகளை மூடாமல் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை எடுக்க எந்த எந்திரமும் இல்லாதபோதும் அது 10 நிமிடத்தில் 3 நிமிடம் லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடினால், அதன் திறனில் 30 சதவீதம் கசிவு. (பல ஆலைகளில் இந்தச் சோதனையை வேண்டாம் என்பார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான்.)

உடம்பில் காற்றடிப்பதை இன்றே நிறுத்துங்கள். மின்சாரம் கிடக்கட்டும், விளையாட்டாக அடித்த காற்று குடலைக் கிழித்து ஆளைக் கொன்றிருக்கிறது. பஞ்சு தட்ட ஒரு பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.

மேலாளர்களே, கசிவை அடைத்ததும் தயவுசெய்து அதைச் சொன்னவரிடமே போய் “அடைத்தாயிற்று அம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.