வடைச் சட்டி எண்ணெய்: யாரிடம் முறையிடலாம்?

ஹட்டன் பஸ் நிலையத்திலோ பண்டாரவளை டவுனிலோ வடை வாங்கும்போது சட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளிப் புகைந்தால் அது பல தடவை காய்ந்த எண்ணெயாக இருக்கலாம். உடல்நலத்துக்குக் கேடான, உண்ணத் தகாத உணவை விற்பது இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம்.

முறைப்பாட்டை உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ.யிடம் கொடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரித்தால் அவர் யாரென்று சொல்வார்கள். கடைக்குள் போய்ச் சோதிக்கவும், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தோட்டத்துக் கடையானாலும் சட்டம் ஒன்றுதான். சிங்களத்தில் எழுதத் தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். அரச அலுவலகத்தில் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது.

ஆனால் நிறம் மட்டும் சாட்சியாகாது. மசாலாத் தூளும் மாவுத் துகளும் கருகினாலும் எண்ணெய் கறுக்கும். எண்ணெய் ஆலைகளிலோ கண்ணை மட்டும் நம்பாமல் ஒளி உணரிகளை வைக்கிறார்கள். குழாயில் பதித்த கண்ணாடி வழியாக ஒளியைச் செலுத்தி, எந்த நிறம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று எண்ணெய் ஓடும்போதே அளப்பார்கள். எண்ணெயின் நிறத்தை நீக்க ஆலையில் கலக்கும் மண் தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்பது அதில் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கொழுப்பமிலம் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்றும் கணிக்கலாம். பொரித்த எண்ணெயில் முக்கியமாகப் பார்ப்பது முனைவுச் சேர்மங்களை, அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதையும்போது கூடும் பொருள்களை. இந்தியாவில் அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பாவிக்கக் கூடாது. இப்படியான கருவிகள் நம் மலையகத்துப் பரிசோதகர்களின் கைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. வடை தின்கிற பிள்ளைக்கு ஆய்வுகூட அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தெரியாதே.

போத்தலிலோ பைக்கற்றிலோ வாங்கிய எண்ணெயில் குறை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் முறையிடுவதானால் வாங்கி 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது கடைக்காரரின் கடமை, அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், மிச்ச எண்ணெயை ஊற்றிவிடாமல் லேபலும் தொகுதி இலக்கமும் உள்ள அதே போத்தலில் மூடி வையுங்கள்.