தேங்காய்ப்பால் எப்போது உடைய வேண்டும்?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தாய்லாந்து உணவகத்தில் கிரீன் கறி வாங்கினால் கிண்ணத்தின் மேல் பச்சை எண்ணெய் முத்துமுத்தாக மிதக்கிறது. அதே மேசைக்கு வரும் தொம் கா சூப்பில் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரிவதில்லை. இரண்டிலும் தேங்காய்ப்பால்தானே? கறியில் பால் திரிந்துவிட்டதா, இல்லை சமையல்காரர் கை தவறி எண்ணெயைக் கொட்டிவிட்டாரா?

இரண்டும் இல்லை. கறியில் இருந்த தேங்காய்ப்பாலை அவர் வேண்டுமென்றே உடைத்திருக்கிறார். தாய்லாந்து சமையலறையில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: தேக் மன். ‘தேக்’ என்றால் உடைதல், ‘மன்’ என்றால் கொழுப்பு. நாம் ‘எண்ணெய் கக்கி வரும்வரை’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: கக்குவதற்கு அங்கே யாரும் முதலில் எண்ணெய் ஊற்றவில்லை. பால்தான் தன் எண்ணெயைத் தானே தருகிறது.

தேங்காய்ப்பால் ஒரு பால்மம். நீருக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் சிதறி நிற்கின்றன. ஒவ்வொரு துளியின் மேலும் புரதத்தால் ஆன மெல்லிய போர்வை. பள்ளிப் பாடம் இவ்வளவுதான். தண்ணீரே சேர்க்காமல் பிழிந்தால் கொழுப்பு முப்பது விழுக்காட்டைத் தாண்டும். தாய்லாந்தில் முதல் பாலுக்கு ஹுவா கதி என்று பெயர், ‘பாலின் தலை’. இரண்டாம் பால் ஹாங் கதி, ‘வால்’. டப்பாவில் விற்பதற்குச் சர்வதேச உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு: தேங்காய்ப்பால் என்றால் 10 விழுக்காடு கொழுப்பு, தேங்காய் கிரீம் என்றால் 20.

இனி வாணலிக்கு வருவோம். நான்கு பேருக்கான கறிக்கு 200 மில்லி முதல் பால் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 25 விழுக்காடு என்றால், அதில் 50 மில்லி கொழுப்பு. புதிதாகப் பிழிந்த பாலில் ஒரு துளியின் விட்டம் சராசரியாகப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் அந்தக் கரண்டிப் பாலுக்குள் சுமார் 9,500 கோடி துளிகள். அவற்றின் தோலை எல்லாம் உரித்து விரித்தால் 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடி வரும். அத்தனை பரப்பிலும் எண்ணெயும் நீரும் ஒன்றை ஒன்று பிடிக்காமல் முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் சமாதானம் செய்துவைப்பது அந்தப் புரதப் போர்வைதான்.

போர்வை இரண்டு வேலை செய்கிறது. புரதச் சங்கிலியில் நீரை விரும்பும் பகுதிகளும் உண்டு, எண்ணெயை விரும்பும் பகுதிகளும் உண்டு. ஒரு பக்கம் எண்ணெயில் ஊன்றி, மறு பக்கம் நீரில் நீட்டி நிற்கும். அது ஒன்று. தேங்காய்ப்பாலின் பி.எச். (அமில அளவு) 6-க்கு அருகில் இருக்கும்போது புரதங்கள் எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் கொண்டிருக்கும். எல்லாத் துளிகளுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளும். அது இரண்டாவது. பால் உடைய வேண்டுமென்றால் இந்த இரண்டையும் குலைக்க வேண்டும்.

வெப்பம் முதல் அடியைக் கொடுக்கிறது. சுமார் 80 டிகிரியைத் தாண்டும்போது தேங்காய்ப் புரதங்கள் சுருள் அவிழத் தொடங்குகின்றன. உள்ளே மடித்து ஒளித்துவைத்திருந்த, எண்ணெயை விரும்பும் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்துத் துளியின் போர்வையும் அதே நிலையில் இருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. துளிகள் திராட்சைக் கொத்துபோலக் கூடும். ஆனால் இன்னும் உடையவில்லை. ஒவ்வொரு துளியும் தன் போர்வைக்குள்தான் இருக்கிறது. மூடி போட்டு மிதமான சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பெரும்பாலும் இதே கட்டத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது அடி, நீர் வற்றுவது. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது வேதியியல் அல்ல, இட நெருக்கடி. ஒரே அளவுள்ள கோலிகளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால் அவை ஏறக்குறைய 64 விழுக்காடு இடத்தைத்தான் நிரப்பும், மிச்சம் இடைவெளி. 50 மில்லி கொழுப்புத் துளிகளும் அப்படித்தான். 200 மில்லி பால் வற்றி 80 மில்லியை நெருங்கும்போது துளிகளுக்கு உருண்டையாக இருக்கவே இடமில்லை. ஒன்றின் மேல் ஒன்று நசுங்கித் தட்டையாகின்றன. இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவே இருக்கும் நீர்ப்படலம் மெலிகிறது. வெந்து விறைத்த போர்வை இந்த இழுவையைத் தாங்காமல் ஓரிடத்தில் கிழிகிறது. கிழிந்த கணத்தில் இரண்டு துளிகள் ஒன்றாகின்றன. பெரிய துளிக்குக் கன அளவோடு ஒப்பிட்டால் தோல் குறைவு. அந்த ஆற்றல் மிச்சம்தான் இதைத் திரும்பிவர முடியாத பாதையாக்குகிறது. அடுத்த துளி, அதற்கடுத்தது என்று கிழிசல் பரவும். இதுவரை நீருக்குள் எண்ணெய் இருந்தது. இப்போது எண்ணெய்க் குளத்துக்குள் புரதமும் கொஞ்சம் நீரும் குட்டித் தீவுகளாக நிற்கின்றன.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்கலாம். நீர் சூழ்ந்திருக்கும்வரை கொதி கனமாக, ‘தொளக் தொளக்’ என்றிருக்கும். சூடும் 100 டிகிரியைவிட்டு நகராது. எண்ணெய் வெளியே வந்ததும் ஓசை மெலிந்து ‘சடசட’வென மாறும். பாலின் மேல் சிறு குழிகள் விழுந்து, குழிக்குள் கண்ணாடிபோல எண்ணெய் பளபளக்கும். வாயகன்ற வாணலியில் மிதமான தீயில் இதற்கு 8 முதல் 10 நிமிடம் ஆகலாம். ஒடுங்கிய பாத்திரம் வேண்டாம்; ஆவி வெளியேறப் பரப்பு வேண்டும்.

இந்த நேரத்தில்தான் 50 முதல் 60 கிராம் மசாலா விழுதைப் போட வேண்டும். பிரிக் கேங் எனப்படும் அந்த விழுதில் பச்சை மிளகாய், பேரரத்தை, எலுமிச்சைப்புல், மக்ரூட் எலுமிச்சைத் தோல், வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி வேர், இறால் விழுது எல்லாம் இருக்கின்றன. எலுமிச்சைப்புல்லின் மணத்தைத் தரும் சிட்ரல், மக்ரூட்டின் சிட்ரோனெல்லால், மிளகாயின் கேப்சைசின் மூன்றும் எண்ணெயில் நன்றாகக் கரையும், நீரில் மிகக் குறைவாகவே கரையும். இலைப்பச்சையும் அப்படியே, மிதக்கும் எண்ணெய் பச்சையாக இருப்பது அதனால்தான். சிவப்புக் கறியில் அந்த இடத்தை மிளகாயின் கரோட்டினாய்டுகள் பிடித்துக்கொள்கின்றன. பால் உடைவதற்கு முன் விழுதைப் போட்டால் அது வதங்காது, வேகும். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நிற்பதால் பூண்டு, இறால் விழுதின் பச்சை வாசனை போகாது. மணப்பொருள்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். உடைந்த பாலில் சூடு 120-ஐத் தாண்டி ஏறும். மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். தொண்டை கமறத் தொடங்கினால் கேப்சைசின் காற்றில் ஏறிவிட்டது என்று பொருள், தீயைக் குறையுங்கள்.

முழுதாக உடைக்கவும் கூடாது. வற்றவற்றக் கிளறிக்கொண்டே போனால் அடியில் பழுப்புக் கசடும் மேலே தெளிந்த எண்ணெயும்தான் மிஞ்சும். அது கறி அல்ல, தேங்காயெண்ணெய் காய்ச்சும் பழைய முறை. மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வெளியே வந்தால் போதும் என்பது என் கருத்து. பிறகு கோழி, அதன்பின் 400 மில்லி இரண்டாம் பால், மீன் சாஸ், பனை வெல்லம். இரண்டாம் பாலின் துளிகள் உடையாதவை. இதற்குப் பின் மெல்லிய கொதி மட்டும் காட்டினால் அவை அப்படியே நிற்கும். கிண்ணத்தில் வெண்மையும் எண்ணெய் முத்தும் சேர்ந்து வருவது இந்த இரட்டை வேலையால்தான். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் இலைப்பச்சை தன் மக்னீசியத்தை இழந்து மங்கிப்போகும். நிறம் குறையாதிருக்கச் சிலர் மிளகாய் இலையையும் விழுதோடு சேர்த்து இடிப்பார்கள்.

தொம் கா சூப்பில் எல்லாமே தலைகீழ். அங்கே பேரரத்தையின் மணம் வெறும் சாற்றில் இறங்கினால் போதும், வதக்கல் கிடையாது. பால் நீர்த்திருப்பதால் துளிகளுக்கு நெருக்கடி இல்லை. கொதி தளதளக்கவும் விடுவதில்லை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே சேர்ப்பார்கள். காரணம் மணம் மட்டுமல்ல. சாற்றின் அமிலத்தால் பி.எச். 4-ஐ நெருங்கும்போது தேங்காய்ப் புரதங்களின் மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாமல் போகும். தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் கூடிக்கொள்ளும். கொதிக்கும்போது சாற்றை ஊற்றினால் சூப்பில் மணல் தூவியதுபோல நுண்துகள் தெரியும். இதுதான் உண்மையான ‘திரிதல்’. புரதம் கூடுவது வேறு, எண்ணெய் உடைந்து வருவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஒரே திசையில் கிளறினால் பால் திரியாது என்ற நம்பிக்கையையும் இங்கேயே இறக்கிவைத்துவிடலாம். துளிகளுக்குத் திசை தெரியாது. விடாமல் கிளறினால் அடியில் சூடு தேங்காது, பலன் அதில்தான்.

வீட்டில் செய்து பார்த்தவர்களின் புகார் வேறு: இருபது நிமிடம் கொதிக்கவைத்தும் டப்பாப் பால் உடையவில்லை, கஞ்சிபோல இறுகி அடிப்பிடித்துவிட்டது. குற்றம் உங்களுடையதல்ல. லேபிளைப் பாருங்கள். பாலிசார்பேட் 60, குவார் கம், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் என்ற பெயர்கள் இருக்கும். பாலிசார்பேட் சின்ன மூலக்கூறு. புரதத்தைத் தள்ளிவிட்டுத் துளியின் மேல் தானே உட்கார்ந்துகொள்ளும். அவிழ்வதற்குச் சுருள் இல்லாததால் வெப்பம் அதை ஒன்றும் செய்யாது. பிசின்கள் சுற்றியுள்ள நீரைக் கெட்டியாக்கித் துளிகளை நகரவிடாது. இது போதாதென்று, துளிகளை உயர் அழுத்தத்தில் நசுக்கிப் பொடியாக்கியும் இருப்பார்கள். துளி மேலேறும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மைக்ரோமீட்டரை ஒன்றாக்கினால் வேகம் நூறில் ஒரு பங்கு. இதைச் செய்யும் இயந்திரத்துக்கு ஓகுஸ்த் கோலன் 1899இல் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது பசும்பால். தேங்காய்ப்பால் ஆராய்ச்சி பெருமளவு பசும்பால் ஆராய்ச்சியின் மிச்சத்தில்தான் வாழ்கிறது. தென்னை விளையும் நாடுகள் இதற்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம்.

அப்படிப்பட்ட பாலோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் விழுதைச் சிறு தீயில் வதக்கிவிட்டுக் கெட்டிப்பாலை மூன்று நான்கு தவணையாகச் சேருங்கள். ஒவ்வொரு தவணையும் சுண்டிய பின் அடுத்தது. ‘தேங்காய், நீர்’ என்று மட்டும் எழுதிய டப்பா கிடைத்தால் ஓரிரவு குளிர்பெட்டியில் நிறுத்திவைத்து, மேலே உறைந்த கட்டியை மட்டும் வாணலியில் போடலாம்.

எண்ணெய் மிதப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு: உடைந்தாலும் உடையாவிட்டாலும் கொழுப்பின் அளவு அதேதான். தொம் காவில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. மறுபக்கம், தேங்காயெண்ணெய் உடற்கொழுப்பைக் கரைக்கும் அமுதம் என்று பரப்புவதும் மூடநம்பிக்கைதான். அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் அதைத் தவிர்க்கச் சொன்னது. அமுதக் கதைகளுக்கு ஆதாரமாகக் காட்டும் சோதனைகளில் பல, இன்னும் குறுகிய சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்துச் செய்த எண்ணெயில் நடந்தவை. தேங்காயெண்ணெயில் பாதிக்கு அருகில் இருக்கும் லாரிக் அமிலத்துக்கு அவை பொருந்தாது.

மிச்சக் கறியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் மேலே ஒரு தகடு படிந்திருக்கும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். துளிகளுக்குள் வளரும் ஊசிப் படிகங்கள் போர்வையைக் குத்திப் பக்கத்துத் துளியோடு கோத்துவிடும். அதனால் மறுபடி சுடவைக்கும்போது முதல் நாளைவிட அதிக எண்ணெய் மிதக்கும். பிடிக்காவிட்டால், சுடவைக்கும் முன்பே தகட்டைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். எறிய வேண்டாம்; மிளகாயும் மக்ரூட்டும் ஏறிய உடைந்த எண்ணெய் அது, அடுத்த முறை விழுது வதக்கக் கையோடு இருக்கும்.