வெள்ளி விழா நாணயம் எல்லாம் வெள்ளி அல்ல

பிரிட்டிஷ் நாணயங்களை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். என் மேசைக்கு அடிக்கடி வருவது, எலிசபெத் ராணியின் ஆட்சி வெள்ளி விழாவுக்காக 1977இல் வெளியான கிரவுன் என்ற பெரிய நாணயம். சென்ற மாதம் ஒரு அம்மா, அப்பா ஆசையாகச் சேர்த்தவை என்று பத்து நாணயங்களைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். அத்தனையும் வெள்ளி விலை கொடுத்து வாங்கியவையாம். பத்துமே செம்பும் நிக்கலும் கலந்தவை. அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கே மனசு கனத்துவிட்டது.

விழாவுக்குத்தான் வெள்ளி என்று பெயர். பிரிட்டன் தன் புழக்க நாணயங்களில் வெள்ளி சேர்ப்பதை 1947இலேயே விட்டுவிட்டது. 1977 கிரவுன் மூன்றரைக் கோடிக்கும் மேல் அச்சானது. சேகரிப்பவர்களுக்கென்று, மிகக் குறைந்த எண்ணிக்கையில், 92.5 சதவீத வெள்ளியிலும் அடித்தார்கள். ஒரு பக்கம் குதிரைமேல் ராணி, மறுபக்கம் முடிசூட்டுத் தைலக் கலமும் கரண்டியும். இரண்டு வகையிலும் இதே உருவங்கள்தான்.

எடை போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். தெரியாது. இரண்டுமே 28.28 கிராம், விட்டமும் ஒன்றே. காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. ஆனால் வெள்ளிக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குக் கொஞ்சம் குறைவான இடத்தையே அடைக்கும். டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். நாணயம் விலக்கும் தண்ணீரின் எடையை மட்டுமே தராசு காட்டும்; அது 2.7 கிராம் அளவில் நின்றால் வெள்ளி. 3.2 என்றால் செம்பு நிக்கல். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சேகரிப்பவர்களுக்கென்று தனிக் கவனத்தோடு அடித்த, கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப் நாணயம் அதன் உறையிலேயே இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், பிரிக்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு 1935இல் வந்த கிரவுன் வெள்ளிதான். அதிலும் பாதிதான் வெள்ளி, அதாவது 14.14 கிராம். முழு எடைக்கும் வெள்ளி விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கறுத்துவிட்டதே என்று தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்த 1935 கிரவுன் ஒன்றை ஒருவர் பற்பசை போட்டுப் பளபளவென்று துலக்கி எடுத்துவந்தார். லென்ஸில் பார்த்தால் மன்னர் முகமெங்கும் மயிரிழைக் கீறல்கள். அதற்கு உலோக விலைக்கு மேல் ஒரு பைசாகூட என்னால் சொல்ல முடியவில்லை.