20 டிகிரி அறையில் ஏன் நடுங்குகிறோம்?

வெளியே 5 டிகிரி. பனி கொட்டவில்லை, தண்ணீர் உறையவில்லை. அறையில் ஹீட்டர் ஓடுகிறது, வெப்பமானி 20 காட்டுகிறது. ஆனாலும் முதுகு சில்லிடுகிறது, விரல்கள் விறைக்கின்றன. குளிர்காலம் மிதமாக இருக்கும் நாடுகளுக்குக் குடிபெயர்ந்த பலருக்கு முதல் வருடம் இப்படித்தான் போகிறது. கடுங்குளிர் நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள்கூட, “மைனஸ் 20இல் வீட்டுக்குள் இப்படி நடுங்கியதில்லையே” என்பார்கள். அது மனப்பிரமை இல்லை. இயற்பியல் அவர்கள் பக்கம் இருக்கிறது.

வெப்பமானி சொல்வது காற்றின் வெப்பநிலையை. உடம்புக்கு அது பாதித் தகவல்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர்களாகச் சுவர், ஜன்னல், தரை, கூரை நோக்கிப் போகிறது. அவையும் நம்மை நோக்கிக் கதிர்களை அனுப்புகின்றன. ஆனால் சுவர் குளிர்ந்திருந்தால் அது திருப்பித் தருவது குறைவு, நாம் இழப்பது அதிகம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுவருக்குப் பக்கத்தில் இரவில் நின்றால், தொடாமலே அனல் அடிக்கும் அல்லவா? இங்கே நடப்பதும் அதேதான், திசை மட்டும் எதிர். காற்று வீசாத அறையில் நாம் உணர்வது, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 20, பரப்புகளின் சராசரி 14 என்றால், உடம்புக்கு அது 17 டிகிரி அறை.

சரி, அந்தப் பரப்புகள் எவ்வளவு குளிர்ந்திருக்கும்? வெளியே 5, உள்ளே 20 என்று வைத்துக் கணக்குப் போடலாம். வெப்பக் காப்பு, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு, இல்லாத செங்கல் சுவரின் உட்பரப்பு 16 டிகிரியை ஒட்டி நிற்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 9 டிகிரிக்கு இறங்கிவிடும். நல்ல காப்பு அடைத்த சுவரோ 19 டிகிரிக்கு மேலேயே இருக்கும். கடுங்குளிர் நாட்டு வீடுகளின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. அங்கே காப்பு இல்லாமல் வாழவே முடியாது என்பதால் வீட்டை அப்படிக் கட்டினார்கள். மிதமான குளிர் உள்ள இடங்களில் ‘ரெண்டு மூணு மாசம்தானே’ என்று விட்டுவிட்டார்கள். நியூசிலாந்தில் புது வீடுகளுக்கு வெப்பக் காப்பு கட்டாயமானதே 1978இல்தான். அதற்கு முன்பு கட்டிய வீடுகள் இன்றும் ஏராளம்.

மாலையில் வந்து ஹீட்டரைப் போட்டால் ஒரு மணி நேரமாகியும் ஏன் இதமாக இல்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாலு மீட்டர் நீள அகலமுள்ள ஓர் அறையின் மொத்தக் காற்றையும் 5இலிருந்து 20 டிகிரிக்கு ஏற்ற, சுமார் 0.2 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் 10 சதுர மீட்டர் செங்கல் சுவர், ஒற்றை வரிசையாக இருந்தால்கூட, இரண்டு டன் எடை இருக்கும். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட அரை யூனிட் வேண்டும். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், சுவர் ஆகாது. அதனால் செங்கல் வீட்டில் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து அணைத்து, மறுபடி போடுவதைவிட, ஆள் இருக்கும் ஒரே அறையில் மிதமாகத் தொடர்ந்து ஓடவிடுவது நல்ல பலன் தரும். எந்த ஹீட்டர் என்பதும் முக்கியம். கம்பிச் சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். வெப்பமூட்டவும் செய்யும் ஏசி, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுவதால், அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று மடங்குகூடத் தரும்.

குளிரைவிட எனக்குக் கவலை தருவது ஈரம். மூச்சு, சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி எல்லாம் சேர்ந்து நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கின்றன. 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, 12 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளியாகப் படியும். 9 டிகிரிக் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழிவது அதனால்தான். 16 டிகிரிச் சுவரில் துளி தெரியாது, ஆனால் சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் அங்கே 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். பரப்பில் ஈரப்பதம் 80ஐ ஒட்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அது போதும். அறை மூலைகளும், வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட அலமாரியின் பின்பக்கமும் இன்னும் குளிர்ந்திருக்கும், ஏனென்றால் அறையின் சூடான காற்று அங்கே போவதில்லை. கறுப்புப் புள்ளிகள் முதலில் அங்கேதான் வரும். அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். மழை தூறும் நாளில் திறந்தால் ஈரம் உள்ளே வராதா? வராது. 5 டிகிரிக் காற்று 90 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தாலும் அதிலுள்ள நீராவி மிகக் கொஞ்சம். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 35 சதவீதமாகிவிடும். இழப்பதோ மேலே சொன்ன 0.2 யூனிட்தான், சுவரின் வெப்பம் சுவரிலேயே இருக்கும். ஆகவே காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடத்தில் மூடுங்கள். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைத்தால் பக்கத்துச் சுவரும் குளிர்ந்துபோகும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

புகைபோக்கி இல்லாத, உருட்டிக்கொண்டு போகும் கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே கலக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

வாடகை வீட்டுச் சுவரை நாம் உடைத்துக் காப்பு அடைக்க முடியாது. ஆனால் கதவடி இடுக்குகளையும் ஜன்னல் ஓரங்களையும் ரப்பர் பட்டையால் அடைக்கலாம், அங்கே அடிக்கும் காற்றுதான் கணுக்காலைக் குளிரவைப்பது. ஜன்னல் சட்டத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால், இடையில் அடைபட்ட காற்று இரட்டைக் கண்ணாடி போல வேலை செய்யும். இருட்டியதும் கனமான திரையை இழுத்துவிட்டால், உங்கள் உடம்பு பார்த்துக்கொண்டிருப்பது 9 டிகிரிக் கண்ணாடியை இல்லை, துணியை. அப்புறம், அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. மின்சாரப் போர்வைக்கு 100 வாட் போதும், ஹீட்டருக்கு 2000 வாட் வேண்டும்.

“உள்ளேதானே இருக்கிறோம், ஸ்வெட்டர் எதற்கு” என்று இருந்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் குளிரையும் குளிர்கால மரணங்களையும் ஆராய்ந்து 1997இல் வெளியான யூரோவின்டர் ஆய்வில், வெளியே 7 டிகிரி என்ற ஒரே அளவுகோலில் ஒப்பிட்டபோது, ஏதென்ஸ் வீடுகளின் கூடத்தில் 19.2 டிகிரி, தெற்கு பின்லாந்தில் 21.7. வெளியே போகும்போது தொப்பி அணிந்தவர்கள் ஏதென்ஸில் 13 சதவீதம், தெற்கு பின்லாந்தில் 72. குளிர்காலத்தில் மரணங்கள் கூடும் விகிதமும் பின்லாந்தைவிடப் போர்ச்சுகலில் அதிகம். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது சும்மா இல்லை. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

நியூசிலாந்தில் 1,350 வீடுகளை எடுத்துக்கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. காப்பு அடைத்த வீடுகளில் படுக்கையறை வெப்பநிலை சராசரியாக அரை டிகிரிதான் கூடியது, ஈரப்பதம் கொஞ்சம் குறைந்தது. எரிசக்திச் செலவு காப்பில்லாத வீடுகளில் ஆனதைப் போல 81 சதவீதம்தான். அவ்வளவு சிறிய மாற்றத்துக்கே மூச்சிரைப்பும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாள்களும் குறைந்தன. அதனால் அடுத்த வீடு பார்க்கப் போகும்போது அறை எண்ணிக்கைக்கு முன்பு கூரையில் காப்பு உண்டா, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா என்று கேளுங்கள். பெரிய ஜன்னல்கள் தெற்குப் பார்த்திருக்க வேண்டும்; நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள நாடென்றால் வடக்கு. குளிர்கால வெயில் தாழ்வாக அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே ஒருமுறை முகர்ந்தும் பாருங்கள்.