தானக் கருமுட்டையும் தமனியின் வாயும்

"என் அக்கா தானமாகப் பெற்ற கருமுட்டையில் கருவுற்றிருக்கிறாள். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தத்தையே உன்னிப்பாகப் பார்க்கிறார். ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிக்கக்கூடிய நோய் பிரீஎக்ளாம்ப்சியா. சொந்தக் கருமுட்டையில் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்டவர்களைவிட, தானக் கருமுட்டையில் கருவுற்றவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தாயின் வயதையும் இரட்டைக் கருவையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் போவதில்லை.

வழக்கமான கருவில் பாதி மரபணு தாயுடையது. தானக் கருமுட்டையில் அந்தப் பாதியும் வேறொருவருடையது. பொருத்தம் பார்க்காமல் ஒரு சிறுநீரகத்தை வைத்தால் உடல் தாக்கும். கருவை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? 1953-இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் பீட்டர் மெடாவர் எழுப்பிய கேள்வி இது. விடை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த வரைக்கும் அது அத்தனை அழகு.

கருப்பையின் உள்சுவரில் சுருள் சுருளான தமனிகள் உண்டு. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் சில சுவருக்குள் ஊடுருவி, அந்தத் தமனிகளைத் தேடிப்போகின்றன. அங்கே தாயின் நோயெதிர்ப்புச் செல்கள் காத்திருக்கின்றன. முதல் மூன்று மாதத்தில் அங்குள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் 'நேச்சுரல் கில்லர்' வகை. பெயர்தான் கொலைகாரன், இங்கே அவை கொல்வதில்லை. வந்த செல்லின் மேல் அடையாள அட்டை போல இருக்கும் ஹெச்.எல்.ஏ-சி, ஹெச்.எல்.ஏ-ஜி போன்ற புரதங்களைத் தொட்டுப் பார்த்து, உள்ளே வர வழிவிட்டு உதவுகின்றன. பிறகு இருதரப்பும் சேர்ந்து தமனிச் சுவரின் தசையைக் கரைக்கின்றன. இறுக்கிச் சுருங்க அங்கே தசையே இல்லாமல் போக, தமனியின் வாய் ஐந்து முதல் பத்து மடங்கு விரிகிறது.

தோட்டத்து ஹோஸ் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சியடித்து மண்ணைப் பறிக்கும். விரலை எடுத்தால் அதே தண்ணீர் சாந்தமாக வழியும். விரிந்த தமனியிலிருந்து ரத்தம் அப்படித்தான் மெதுவாக வந்து நஞ்சுக்கொடியின் மென்மையான இழைகளை நனைக்கிறது. விரியாத தமனியோ பீய்ச்சுகிறது. இழைகள் சேதமாகின்றன. நஞ்சுக்கொடி திணறி, தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அதிகமாகக் கலக்கிறது. அவை ரத்தக் குழாய்களின் உள்படலத்தைக் கெடுக்க, அழுத்தம் ஏறுகிறது. முழுக்கப் புதிதான ஹெச்.எல்.ஏ. அடையாளத்தைப் பார்க்கும்போது அந்த ஒத்துழைப்பு சில நேரம் குறைவதுதான் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தான விந்தணுவில் இந்தச் சிக்கல் இதைவிடக் குறைவு. பாதி மரபணு தாயுடையதாகவே இருக்கிறது.

குழந்தைக்கு வரும் சிரமமும் பெரும்பாலும் இதே வழியில்தான்: எடைக் குறைவு, குறைமாதப் பிரசவம். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்போ கருமுட்டை தந்தவரின் வயதைப் பொறுத்தது. அதனால் வயது கூடிய தாய்க்கு அது குறையவே செய்கிறது. பெரும்பாலான தானக் கருமுட்டைக் கர்ப்பங்கள் நல்லபடியாகவே முடிகின்றன.

"அடுத்தவர் ரத்தம் ஒட்டாது" என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் எந்தக் கர்ப்பத்திலுமே கலந்து ஓடுவதில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்து, பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமே தானத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு உயிரைச் சுமந்து வளர்க்கும் நஞ்சுக்கொடி பிரசவம் முடிந்ததும் தூக்கி எறியப்படுகிறது. அதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணமும் போதாது என்பது என் கருத்து.

அக்காவின் மருத்துவருக்கு விஷயம் தெரிந்திருப்பது பெரிய நிம்மதி. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தார்கள், 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் பிரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் நல்ல பலன், ஏனென்றால் அந்தத் தமனிகள் விரிந்துகொண்டிருப்பது அந்த வாரங்களில்தான்.