டர்பனிலிருந்து சென்னை: கால் எத்தனை மணி நேரம் மடங்கியிருக்கிறது?

தைப்பூசக் காவடி முடிந்த வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள என் கிளினிக்குக்கு 62 வயது அம்மா ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் குழுவோடு போய்த் திரும்பி நாலு நாள் ஆகியிருந்தது. "டாக்டர், ராமேஸ்வரத்துல நடந்ததுல இடது கால் பிடிச்சுக்கிச்சு. தினமும் தைலம் தேய்க்கிறேன், வீக்கம் வடியல" என்றார். டேப் வைத்து அளந்தேன். வலது கெண்டைக்கால் 34 சென்டிமீட்டர், இடது 38. தொட்டால் சூடு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், முழங்காலுக்கு மேல் வரை ஆழ்சிரையில் (காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில்) ரத்தம் உறைந்திருந்தது.

எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டேன். "வரும்போது பதிமூணு மணி நேரந்தான், டிக்கெட்லயே இருக்கு" என்றார். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே திரும்பும் பயணத்தில் அவர் கழித்தது பதினாறரை மணி நேரம்.

டர்பனுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 7,100 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் 6,600-ம் 2,900-மாக 9,500 கி.மீ. ஆகிவிடும். முதல் விமானம் எட்டரை மணி, அடுத்தது நாலு மணி, நடுவில் காத்திருப்பு. சென்னையில் இறங்கியவுடனே இவர்களை வேனில் ஏற்றி ராமேஸ்வரம் கொண்டுபோயிருக்கிறார்கள். அது இன்னும் பத்து மணி நேரம். இறங்கிய அன்று ஓர் இரவாவது சென்னையில் படுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாலு மணிக்கு மேல் அப்படி உட்கார்ந்து பயணம் செய்தால் உறைவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொல்கிறது. அப்போதும் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் முன்பே உறைவு வந்தவர்கள், அண்மையில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ எடுப்பவர்கள் டிக்கெட் போடும்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அழுத்தக் காலுறை வேண்டுமா, ரத்தம் உறையாமலிருக்க ஊசி வேண்டுமா என்பதை அவர் சொல்வார். இதற்கென்று நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்த அம்மா ஜன்னலோர இருக்கையில் இருந்தார். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகாமலிருக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். பாத்ரூமுக்காக எழுந்தால் காலுக்கும் நல்லது. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். தூக்க மாத்திரை வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்கவே கூடாது. அழுத்தித் தேய்க்கையில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்தும் இந்த உறைவு வரலாம். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: இங்கே தென்னாப்பிரிக்காவில் 10177, தமிழ்நாட்டில் 108.